சாய்ந்த வில் (சிற்பம்)

சாய்ந்த வில் என்பது அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா உருவாக்கிய உருக்குச் சிற்பம் ஆகும். ஆங்கிலத்தில் இது டில்டட் ஆர்க் எனப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்க நடுவண் அரசின் பணத்தில் உருவாக்கப்பட்ட இச்சிற்பம் 1981ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியிலுள்ள பெடரல் பிளாசா என்னும் சதுக்கத்தில் நிறுவப்பட்டது. அங்கு பணிபுரிந்தோர் பலரின் எதிர்ப்பு, ஒரு பொது விசாரணை, நீதிமன்ற வழக்கு ஆகியவற்றுக்குப் பின்னர் 1989ஆம் ஆண்டு அதே அரசினால் வெட்டி அகற்றப்பட்டது.

பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் இடத்தில் நிறுவப்படும் கலைப்படைப்பு யாருக்கு உரியது, அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற வினாக்கள் இந்நிகழ்வின் மூலம் பரவலாக விவாதிக்கப்பட்டன. இதனால் பொதுவெளிக் கலையைப் பயில்வோரும் படைப்போரும் தவறாமல் கற்கும் நிகழ்வுகளில் ஒன்றாக இது விளங்குகின்றது.

பின்னணி

ஐக்கிய அமெரிக்க நடுவண் அரசின் அலுவலகக் கட்டடங்களைக் கட்டிப் பராமரிக்கும் பொறுப்பு பொதுச் சேவைகள் நிர்வாகம் என்ற அமைப்பைச் சார்ந்தது. புதிய நடுவண் அரசுக் கட்டடங்களின் மதிப்பிடப்பட்ட கட்டுமானச் செலவில் அரை விழுக்காட்டைக் கலைப்படைப்புகளுக்கு ஒதுக்கும் நடைமுறை 1963ஆம் ஆண்டு தொடங்கியது. 1960களின் நடுப்பகுதியில் நின்றுபோன இந்நடைமுறை 1970களின் தொடக்கத்தில் மீண்டும் உயிர்பெற்றது. இது கட்டடக்கலையில் கலைத் திட்டம் என அழைக்கப்பட்டது. சிகாகோ நகரில் 1974ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட அலெக்சாண்டர் கால்டரின் பிளமிங்கோ என்னும் சிவப்புச் சிற்பம் இத்திட்டத்தின் புகழ்பெற்ற படைப்புகளில் ஒன்றாகும்.

இத்திட்டத்தில் கலைஞரைத் தெரிவு செய்யும் பணியில் கலைகளுக்கான தேசிய நிதியம் என்ற மற்றோர் அரசு அமைப்பு துணைபுரிந்தது. அந்நிதியம் கலைத்துறை வல்லுநர்களைக் கொண்ட குழுவை அமைக்கும். குழு கலைஞர்களின் பெயர்களைப் பரிந்துரைக்கும். இறுதி முடிவைப் பொதுச் சேவைகள் நிர்வாகம் எடுக்கும். படைப்பு நிறுவப்படவுள்ள கட்டடத்தில் நாள்தோறும் வேலை செய்வோரின் கருத்தை அறிவதற்கு இம்முறையில் போதிய இடம் இருக்கவில்லை. பின்னாளில் எழுந்த சிக்கலின் வேர்களுள் ஒன்று இதுவாகும்.

இம்முறையில் தெரிவு செய்யப்பட்ட ரிச்சர்ட் செர்ராவுடன் 1979ஆம் ஆண்டு ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. படைப்புக்கான தொகை 1,75,000 அமெரிக்க டாலர் ஆகும்.

சிற்பி

ரிச்சர்ட் செர்ரா 1938ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். இவருடைய தந்தை கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றியவர். செர்ரா கல்லூரிக் காலத்தில் உருக்காலைகளில் வேலை செய்து பொருளீட்டினார். முதலில் ஆங்கில இலக்கியமும், பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் ஓவியமும் பயின்றார். கனமான உலோகத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து, தம் எடையினாலேயே அவை நிற்கும்படி 1960களின் இறுதியில் இவர் அமைத்த சிற்பங்கள் கலையுலகின் கவனத்தைப் பெற்றன.

செர்ராவின் சிற்பங்கள் மனித உருவத்தையோ, வரலாற்று நிகழ்வையோ காட்டுவதில்லை. எடை, சமநிலை, சாய்வு, பார்ப்பவர் நடக்கும்போது மாறும் தோற்றம் ஆகியவையே அவற்றின் உள்ளடக்கமாகும். செர்ரா 2024ஆம் ஆண்டு மார்ச் 26 அன்று காலமானார்.

வடிவமும் பொருளும்

சாய்ந்த வில்லின் அளவுகள் பின்வருமாறு:

* நீளம்: 120 அடி (ஏறத்தாழ 36.6 மீட்டர்)
* உயரம்: 12 அடி (ஏறத்தாழ 3.66 மீட்டர்)
* தடிமன்: 2.5 அங்குலம் (ஏறத்தாழ 6.35 சென்ட்டிமீட்டர்)

இவ்வளவுகளைப் பெருக்கினால் கன அளவு ஏறத்தாழ 8.5 கன மீட்டர் ஆகும். உருக்கின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 7,850 கிலோகிராம் என்பதால் சிற்பத்தின் எடை 67 மெட்ரிக் டன்னுக்கு அண்மையில் வரும். அமெரிக்க வழக்கிலுள்ள டன் அளவில் இது 73 டன் எனக் குறிப்பிடப்படுகின்றது.

சிற்பத்தை மேலிருந்து நோக்கினால் அது வட்டத்தின் ஒரு வில்லைப் போலத் தோன்றும். பக்கவாட்டில் நோக்கினால் செங்குத்தாக நில்லாமல் சற்றே ஒருபுறம் சாய்ந்திருக்கும். இவ்விரு பண்புகளும் சேர்ந்தே இதன் பெயராக அமைந்தன. தட்டையான ஒரு தகட்டை விளிம்பில் நிறுத்தினால் அது எளிதில் விழுந்துவிடும். அதே தகட்டை வளைத்து நிறுத்தினால் அதன் அடிப்பகுதி அகன்ற பரப்பில் பரவுவதால் நிலைப்புத்தன்மை கூடுகின்றது. ஒரு தாளைச் சற்று வளைத்து மேசைமேல் நிறுத்திப் பார்த்து இதனை உணரலாம். எனினும் பொதுமக்கள் நடமாடும் இடம் என்பதால் சிற்பம் சதுக்கத்தின் தளத்துடன் உறுதியாகப் பிணைக்கப்பட்டது.

சிற்பத்துக்குப் பயன்படுத்தப்பட்ட உருக்கு கோர்-டென் என்ற வணிகப் பெயரால் அறியப்படுகின்றது. இதில் செம்பு, குரோமியம், நிக்கல் போன்றவை சிறிதளவு சேர்க்கப்பட்டுள்ளன. சாதாரண இரும்பில் தோன்றும் துரு உதிர்ந்து உதிர்ந்து உட்பகுதியையும் அரிக்கும். கோர்-டென் உருக்கிலோ, மாறிமாறி நனைந்து உலரும்போது நெருக்கமான ஒரு துருப்படலம் உருவாகி மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றது. இப்படலம் அரிப்பின் வேகத்தைக் குறைப்பதால் வண்ணப்பூச்சு தேவைப்படுவதில்லை. தொடக்கத்தில் செம்மஞ்சளாக இருக்கும் நிறம் ஆண்டுகள் செல்லச்செல்ல அடர்பழுப்பாக மாறும்.

பொறியியல் நோக்கில் இத்துரு ஒரு பாதுகாப்பு ஆகும். ஆனால் சதுக்கத்தைக் கடந்து சென்ற பலருக்கு அது பராமரிப்பின்றி விடப்பட்ட இரும்பாகவே தோன்றியது. "துருப்பிடித்த சுவர்" என்பது எதிர்ப்பாளர்களிடையே வழங்கிய வசைகளுள் ஒன்று. ஒரு பொருளின் இயல்பைப் படைப்பவர் அறிந்திருப்பதும், அதனுடன் வாழ்வோர் அறிந்திருப்பதும் வெவ்வேறானவை என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

இடமும் நோக்கமும்

சிற்பம் நிறுவப்பட்ட சதுக்கம் ஜேக்கப் ஜாவிட்ஸ் நடுவண் அரசுக் கட்டடம், பன்னாட்டு வணிக நீதிமன்றம் ஆகியவற்றின் முன்பாக அமைந்துள்ளது. ஜாவிட்ஸ் கட்டடம் 41 தளங்களைக் கொண்டது. 1960களில் கட்டப்பட்ட இவ்வளாகத்தில் ஆயிரக்கணக்கான அரசு ஊழியர் பணிபுரிந்தனர். சதுக்கத்தில் ஒரு நீரூற்று இருந்தது. மற்றபடி அது பெரும்பாலும் வெறுமையான கல்தளமாகவே இருந்தது.

செர்ரா இச்சதுக்கத்தில் மக்கள் எத்திசைகளில் நடக்கின்றனர், கட்டடங்களும் நீரூற்றும் எவ்வாறு அமைந்துள்ளன என்பனவற்றை ஆராய்ந்தே தம் வடிவத்தைத் தீர்மானித்தார். சதுக்கத்தின் ஓரத்தில் அழகுக்காக ஒரு பொருளை வைப்பது அவருடைய நோக்கமன்று. சதுக்கத்தைக் குறுக்காகக் கடந்து செல்லும் வில், நடப்போரைத் தம் நடையையும் தாம் இருக்கும் இடத்தையும் உணரச் செய்யவேண்டும் என்பதே அவருடைய எண்ணமாகும். ஒருபுறம் நின்றால் வில் அணைப்பது போலவும், மறுபுறம் நின்றால் விலக்குவது போலவும், முனையில் நின்றால் மெல்லிய கோடு போலவும் தோன்றும்.

இவ்வாறு குறிப்பிட்ட ஓரிடத்துக்கென்றே உருவாக்கப்பட்டு, அவ்விடத்தின் அளவு, அமைப்பு, பயன்பாடு ஆகியவற்றையே தன் பகுதியாகக் கொண்ட படைப்பு இடஞ்சார் கலை எனப்படுகின்றது. கோயில் கருவறைக்கெனச் செய்த சிலையை அருங்காட்சியகத்தில் வைத்தால் கல் அதுவாகவே இருக்கும்; ஆனால் பொருள் மாறிவிடும். இடஞ்சார் கலையை ஆதரிப்போரின் வாதமும் இதை ஒத்ததே. படைப்பை இடம் மாற்றுவது அதனை அழிப்பதற்குச் சமம் என்று செர்ரா திரும்பத்திரும்பக் கூறினார்.

எதிர்ப்பு

சிற்பம் நிறுவப்பட்ட சில வாரங்களிலேயே எதிர்ப்பு தொடங்கியது. வளாகத்தின் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்த எட்வர்ட் ரே, சிற்பத்தை அகற்றவேண்டும் என வாசிங்டனிலுள்ள அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். அகற்றக் கோரிய மனுக்களில் 1981ஆம் ஆண்டில் சுமார் 1,300 ஊழியர் கையொப்பமிட்டனர். எனினும் அடுத்த சில ஆண்டுகளில் எதிர்ப்பு ஓரளவு தணிந்திருந்தது.

வில்லியம் டயமண்ட் என்பவர் பொதுச் சேவைகள் நிர்வாகத்தின் நியூயார்க் வட்டார நிர்வாகியாகப் பொறுப்பேற்ற பின்னர் இச்சிக்கல் மீண்டும் எழுந்தது. இவர் சிற்பத்தை வேறிடத்துக்கு மாற்றுவது பற்றி முடிவெடுக்கப் பொது விசாரணை ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார்.

1985 பொது விசாரணை

விசாரணை 1985ஆம் ஆண்டு மார்ச் 6 முதல் 8 வரை மூன்று நாட்கள் நடைபெற்றது. 180 பேர் பேசினர். அவர்களுள் 122 பேர் சிற்பம் அதே இடத்தில் இருக்கவேண்டும் என்றும், 58 பேர் அகற்றப்படவேண்டும் என்றும் கூறினர். கலைஞர்களான பிராங்க் ஸ்டெல்லா, கிளாஸ் ஓல்டன்பர்க், கலை விமர்சகர் ரோசலின்ட் கிராஸ், நவீனக் கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வில்லியம் ரூபின் ஆகியோர் சிற்பத்தை ஆதரித்துப் பேசியவர்களுள் அடங்குவர்.

அகற்றக் கோரியோர் முன்வைத்த முதன்மையான வாதங்கள்:

* சிற்பம் சதுக்கத்தின் குறுக்கே நிற்பதால் கட்டடத்துக்கு நேராகச் செல்ல இயலவில்லை; சுற்றிச் செல்ல வேண்டியுள்ளது.
* சதுக்கத்தில் உணவருந்தவும், இளைப்பாறவும், இசை நிகழ்ச்சி போன்றவற்றை நடத்தவும் இடமில்லை.
* சிற்பத்தின்மீது கிறுக்கல்கள் எழுதப்படுகின்றன. அதன் மறைவில் தூய்மைக்கேடு நிகழ்கின்றது.
* குண்டு வெடித்தால் அதன் விசையை இச்சுவர் கட்டடங்களை நோக்கித் திருப்பக்கூடும் என்று பாதுகாப்பு அலுவலர் ஒருவர் கூறினார்.
* இப்படைப்பை ஏற்பதா வேண்டாமா என்று தங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

நிலைநிறுத்தக் கோரியோரின் முதன்மையான வாதங்கள்:

* இப்படைப்பு இவ்விடத்துக்கென்றே உருவாக்கப்பட்டது; வேறிடத்தில் அது வெறும் உருக்குத் தகடே.
* அரசு தானே அழைத்து, தானே ஏற்றுக்கொண்ட ஒரு படைப்பை அழிப்பது ஒப்பந்த நாணயத்துக்கு மாறானது.
* புதிய கலை முதலில் வெறுக்கப்படுவதும் பின்னர் விரும்பப்படுவதும் இயல்பு. போதிய காலம் தரப்படவேண்டும்.
* பெரும்பான்மை விருப்பத்தின்படி கலை அகற்றப்படுமானால் அரசு இடங்களில் துணிவான படைப்பு எதுவும் தோன்றாது.
* சதுக்கம் வெறுமையாக இருப்பதற்குச் சிற்பம் காரணமன்று; சதுக்கத்தின் மோசமான வடிவமைப்பே காரணம்.

விசாரணையை நடத்திய ஐவர் குழுவுக்கு டயமண்டே தலைமை வகித்தார். விசாரணைக்கு முன்னரே அகற்றும் கருத்தை அவர் வெளிப்படுத்தியிருந்தார் எனவும், ஆகவே முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது எனவும் ஆதரவாளர்கள் குற்றம் சாட்டினர். குழு நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் இடமாற்றத்தைப் பரிந்துரைத்தது. பொதுச் சேவைகள் நிர்வாகத்தின் தற்காலிகத் தலைவராக இருந்த டுவைட் இங்க் 1985ஆம் ஆண்டு மே 31 அன்று இப்பரிந்துரையை ஏற்று, சிற்பத்துக்குத் தகுந்த வேறிடம் தேடப்படும் என அறிவித்தார்.

வேறிடம் பற்றி ஆராயக் கலைகளுக்கான தேசிய நிதியம் அமைத்த குழு, படைப்பு இடஞ்சார்ந்தது என்பதால் அதனை இடம் மாற்றலாகாது என்று 1987ஆம் ஆண்டு டிசம்பரில் கருத்துத் தெரிவித்தது.

எண்களின் பொருள்

இவ்விவாதத்தில் இரு தரப்பினரும் தம்மைப் "பொதுமக்கள்" தரப்பாகவே கூறிக்கொண்டனர். விசாரணையில் பேசியோரின் எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் ஆதரவாளர்களே பெரும்பான்மையினர். மனுவில் கையொப்பமிட்டோரைக் கொண்டு பார்த்தால் எதிர்ப்பாளர்களின் எண்ணிக்கையே பெரிது. வளாகத்தில் பணிபுரிந்த அனைவரையும் கணக்கிட்டாலோ, கையொப்பமிட்டவர்களும் ஒரு சிறுபகுதியினரே.

விசாரணை என்பது வாக்கெடுப்பு அன்று. அலுவலக வேலையை விட்டு வந்து பேசக்கூடியவர்களும், மேடையில் பேசிப் பழகியவர்களும் அங்கு கூடுதலாக இடம்பெறுவர். மனுவிலோ கையொப்பமிடாதவர் ஆதரிக்கின்றாரா, பொருட்படுத்தவில்லையா என்பதை அறிய இயலாது. மேலும், கட்டடத்தில் பணிபுரிவோர் மட்டுமன்றி அங்குள்ள அலுவலகங்களுக்குப் பல தேவைகளுக்காக வந்து செல்வோரும் சதுக்கத்தைப் பயன்படுத்துவோரே. பொதுமக்கள் என்பது ஒரே கருத்துடைய ஒரு குழு அன்று என்பதும், கருத்தறியும் முறையே விடையின் ஒரு பகுதியைத் தீர்மானித்துவிடும் என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

வழக்கு

இடமாற்ற முடிவை எதிர்த்துச் செர்ரா 1986ஆம் ஆண்டு நடுவண் அரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். ஒப்பந்த மீறல், பதிப்புரிமை, அமெரிக்க அரசியலமைப்பு வழங்கும் பேச்சுரிமை, உரிய சட்ட நடைமுறைக்கான உரிமை ஆகியன அவர் முன்வைத்த அடிப்படைகளாகும். சிற்பம் நிலையாக அங்கு இருக்கும் என அதிகாரிகள் வாய்மொழியாக உறுதியளித்தனர் என்றும் அவர் தரப்பு வாதிட்டது.

ஆனால் எழுத்து வடிவிலான ஒப்பந்தம் வேறு விதமாக இருந்தது. அதன்படி வரைபடங்கள், மாதிரிகள், முடிவுற்ற படைப்பு ஆகிய அனைத்தும் ஐக்கிய அமெரிக்க அரசின் உடைமையாகும். 1987ஆம் ஆண்டு மாவட்ட நீதிமன்றம் செர்ராவின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 1988ஆம் ஆண்டு இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. சிற்பத்தை ஒரு வெளிப்பாடாகக் கொண்டாலும் அது விற்கப்பட்ட பின்னர் அரசுக்கே உரியது. சிற்பிக்குத் தம் கருத்தை மக்களிடம் சேர்க்க ஏற்கனவே ஆறு ஆண்டுகள் கிடைத்துள்ளன. அகற்றும் முடிவு படைப்பின் கருத்தை ஒடுக்கும் நோக்கம் கொண்டதன்று என்பன மேல்முறையீட்டுத் தீர்ப்பின் சாரமாகும்.

அகற்றம்

1989ஆம் ஆண்டு மார்ச் 15 அன்று இரவு பணியாளர்கள் சிற்பத்தை மூன்று துண்டுகளாக வெட்டிப் பிரித்து, புரூக்ளினில் இருந்த அரசுக் கிடங்கு ஒன்றுக்குக் கொண்டுசென்றனர். 1999ஆம் ஆண்டு அத்துண்டுகள் மேரிலாந்து மாநிலத்திலுள்ள கிடங்கு ஒன்றுக்கு மாற்றப்பட்டன. வேறெங்கும் காட்சிப்படுத்தக் கூடாது என்பது செர்ராவின் விருப்பமாக இருந்ததால் சிற்பம் மீண்டும் நிறுவப்படவில்லை.

சிற்பம் அகற்றப்பட்டதும் சதுக்கத்தில் இருக்கைகளும் செடித்தொட்டிகளும் வைக்கப்பட்டன. பின்னர் நிலத்தடி வாகன நிறுத்தகத்தில் நீர்க்கசிவைத் தடுக்கும் பணிக்காகச் சதுக்கம் முழுவதும் பெயர்க்கப்பட்டது. நிலத்தோற்றக் கலைஞர் மார்த்தா சுவார்ட்ஸ் வடிவமைத்த, வளைந்து வளைந்து செல்லும் பச்சை நிற இருக்கைகளைக் கொண்ட புதிய சதுக்கம் 1990களின் பிற்பகுதியில் அமைந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 2010களின் தொடக்கத்தில் மீண்டும் நீர்க்கசிவுப் பணி நடைபெற்றபோது அது அகற்றப்பட்டு, மைக்கேல் வான் வால்கன்பர்க் குழுவினரின் வடிவமைப்பு இடம்பெற்றது. சர்ச்சைக்குரிய படைப்பே அகற்றப்படும் என்பதில்லை. பொதுவெளியில் தரைக்குக் கீழுள்ள கட்டுமானமும் ஒரு படைப்பின் ஆயுளைத் தீர்மானிக்கக்கூடும்.

சட்டத்தில் ஏற்பட்ட மாற்றங்கள்

ஒரு படைப்பு விற்கப்பட்ட பின்னரும் அதன் ஆசிரியர் எனக் குறிப்பிடப்படுவதற்கும், அது சிதைக்கப்படுவதை எதிர்ப்பதற்கும் கலைஞருக்குள்ள உரிமை தார்மீக உரிமை எனப்படுகின்றது. பிரான்சு போன்ற ஐரோப்பிய நாடுகளில் இது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கருத்தாகும். இவ்வுரிமையை உள்ளடக்கிய பேர்ன் உடன்படிக்கையில் ஐக்கிய அமெரிக்கா இணைந்தது 1989ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று, அதாவது சிற்பம் வெட்டப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர், நடைமுறைக்கு வந்தது. ஆயினும் இணைவுக்கென இயற்றப்பட்ட சட்டம் கலைஞர்களுக்குப் புதிய தார்மீக உரிமை எதையும் வழங்கவில்லை.

1990ஆம் ஆண்டு காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. ஓவியம், சிற்பம் முதலியவற்றின் படைப்பாளிகளுக்குச் சிதைவை எதிர்க்கும் உரிமையும், போற்றத்தக்க தகுதி பெற்ற படைப்பு அழிக்கப்படுவதைத் தடுக்கும் உரிமையும் இதனால் கிடைத்தன. எனினும் படைப்பு வைக்கப்படும் இடம் பற்றிய உரிமை இதில் தெளிவாக இல்லை. 2006ஆம் ஆண்டு பாஸ்டன் நகரப் பூங்கா ஒன்று தொடர்பான வழக்கில், இச்சட்டம் இடஞ்சார் கலைக்குப் பொருந்தாது என முதலாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே சட்டம் வேறொரு வழக்கில் பயன் தந்தது. நியூயார்க்கின் குயின்சு பகுதியில் பைவ் பாயிண்ட்ஸ் எனப்பட்ட கட்டடத்தின் சுவர்களில் இருந்த தெருவோவியங்களின்மீது 2013ஆம் ஆண்டு உரிமையாளர் வெள்ளையடித்தார். 21 கலைஞர்களுக்கு 67.5 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்க 2018ஆம் ஆண்டு நீதிமன்றம் ஆணையிட்டது. 2020ஆம் ஆண்டு மேல்முறையீட்டிலும் இது உறுதியானது.

பொதுச் சேவைகள் நிர்வாகமும் தன் தெரிவு முறையை மாற்றிக்கொண்டு, உள்ளூர் மக்களின் சார்பாளர்களைத் தெரிவுக் குழுக்களில் சேர்த்துக்கொண்டது.

ஒப்பிடத்தக்க நிகழ்வுகள்

கிராண்ட் ராபிட்ஸ்: மிச்சிகன் மாநிலத்தின் இந்நகரில் 1969ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கால்டரின் சிற்பமும் தொடக்கத்தில் எதிர்ப்பைச் சந்தித்தது. பின்னர் அதுவே நகரின் சின்னமாகி, நகராட்சியின் கடிதத்தாள்களிலும் வாகனங்களிலும் இடம்பெற்றது. காலம் கருத்தை மாற்றும் என்ற வாதத்துக்கு இது சான்றாகக் காட்டப்படுகின்றது.

செயின்ட் லூயிஸ்: இந்நகரில் 1982ஆம் ஆண்டு நிறைவுற்ற செர்ராவின் டுவெயின் என்னும் படைப்பு எட்டு உருக்குத் தகடுகளால் ஆனது. கடும் எதிர்ப்புக்கு உள்ளானபோதும் அது அகற்றப்படவில்லை.

வியட்நாம் படைவீரர் நினைவகம்: 1981ஆம் ஆண்டு நடந்த போட்டியில் வந்த 1,421 வடிவங்களிலிருந்து, 21 வயது மாணவியான மாயா லின்னின் வடிவம் தெரிவு செய்யப்பட்டது. நிலத்தில் தாழ்ந்து செல்லும் கறுப்புக் கருங்கல் சுவரை முன்னாள் படைவீரர் சிலர் வன்மையாக எதிர்த்தனர். இணக்க முயற்சியாக, மூன்று வீரர்களைக் காட்டும் பிரடெரிக் ஹார்ட்டின் வெண்கலச் சிலை 1984ஆம் ஆண்டு அருகில் வைக்கப்பட்டது. சுவர் 1982ஆம் ஆண்டு திறக்கப்பட்டபின் மக்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். இதுவும் அலங்காரமற்ற ஒரு சுவரே. ஆனால் அதில் இறந்தோரின் பெயர்கள் உள்ளன. வருவோர் தொடுவதற்கும் தேடுவதற்கும் அதில் ஏதோ ஒன்று இருக்கின்றது.

விஞ்ஞான் பவன்: இந்திய அரசின் வேண்டுகோளின்படி சிற்பி அமர்நாத் சேகல் புது தில்லியிலுள்ள விஞ்ஞான் பவனுக்கென உருவாக்கிய பெரும் வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979ஆம் ஆண்டு புதுப்பிப்புப் பணியின்போது அவருக்குத் தெரிவிக்கப்படாமலே பெயர்க்கப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு ஆசிரியரின் தார்மீக உரிமையைப் பாதுகாக்கின்றது. அதன்படி 2005ஆம் ஆண்டு தில்லி உயர்நீதிமன்றம், எஞ்சிய பகுதிகளைச் சிற்பியிடம் ஒப்படைக்கவும் 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் அரசுக்கு ஆணையிட்டது. செர்ராவுக்குக் கிடைக்காத பாதுகாப்பு சேகலுக்குக் கிடைத்தது. ஆனால் அதற்குள் படைப்பு சிதைந்துவிட்டிருந்தது.

பொதுவெளிக் கலைக் கல்வியில்

சாய்ந்த வில் பற்றிய கடிதங்கள், விசாரணைப் பேச்சுக்கள், தீர்ப்புகள் ஆகியன 1991ஆம் ஆண்டு நூலாகத் தொகுக்கப்பட்டன. கலை வரலாற்றாளர் ஹாரியட் சீனி இச்சர்ச்சை பற்றி எழுதிய விரிவான நூல் 2002ஆம் ஆண்டு வெளிவந்தது. இரு தரப்பு வாதங்களும் முழுமையாகக் கிடைப்பதால் மாணவர்கள் இதனை ஒரு நிகழ்வாய்வாகப் பயில்கின்றனர்.

பொதுவெளியில் ஒரு படைப்பை உருவாக்க முனைவோர் இந்நிகழ்விலிருந்து பின்வரும் வினாக்களைப் பெறலாம்:

* இடம்: அங்கு யார், எந்நேரத்தில், எவ்வழியாக நடக்கின்றனர்? எங்கு அமர்கின்றனர்? படைப்பு அவ்வழக்கத்தை மாற்றுமானால் அவர்கள் பெறுவது என்ன, இழப்பது என்ன?
* தெரிவு: கலைஞரைத் தெரிவு செய்வோர் யார்? அவ்விடத்தைப் பயன்படுத்துவோர் எந்தக் கட்டத்தில் கேட்கப்படுகின்றனர்?
* பொருள்: மழை, வெயில், உப்புக்காற்று, கைகள் ஆகியவற்றை அப்பொருள் எவ்வாறு தாங்கும்? அது முதுமையடையும் விதம் மக்களுக்கு விளக்கப்பட்டுள்ளதா?
* பராமரிப்பு: தூய்மை செய்வதும் பழுது நீக்குவதும் யாருடைய பொறுப்பு? அதற்கான பணம் ஒதுக்கப்பட்டுள்ளதா?
* ஒப்பந்தம்: நிலையானது என்ற சொல் எழுத்தில் உள்ளதா? இடமாற்றம், அகற்றம் பற்றி என்ன கூறப்பட்டுள்ளது?
* முடிவு: படைப்பை அகற்ற நேர்ந்தால் யார், எம்முறையில், எவ்வளவு காலத்துக்குப் பின்னர் தீர்மானிப்பர்?

மக்களைக் கலந்தாலோசித்தால் மட்டுமே சிக்கல் தீர்ந்துவிடும் எனக் கூறவியலாது. முன்கூட்டியே அனைவருக்கும் பிடித்தமானவற்றை மட்டும் தெரிவு செய்தால், கிராண்ட் ராபிட்ஸ் மக்கள் பின்னர் விரும்பிய சிற்பம் தோன்றியே இராது என்பர் சிலர். விரும்பாதவர் விலகிச் செல்ல வழியுள்ள அருங்காட்சியகம் வேறு, நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் கடந்தே ஆகவேண்டிய சதுக்கம் வேறு என்பர் மற்றவர். இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் இடையிலான விவாதம் இன்றும் தொடர்கின்றது.

இவற்றையும் பார்க்க

* பொதுவெளிக் கலை
* இடஞ்சார் கலை
* தார்மீக உரிமை
* தெருவோவியம்
* நினைவுச்சின்னம்